பழவேற்காடு ஏலக்கூடத்து தேசம்மா அக்கா

தேசம்மா அக்கா இன்று விடிகாலையில் போய்விட்டார். மாரடைப்பு. ஃபோனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்...

பழவேற்காட்டில் மீன் எடுக்கிற வியாபாரி எவருக்கும் அவரைத் தெரியாமல் இருக்காது. படகு வந்து கூடையை இறக்கியதும் ஏலம் விடுகிற அந்தக் குரல். மைக் கிடையாது. தேவையும் இல்லை.

மீஞ்சூரில் மீன் கடை போட்ட நாளிலிருந்து அவர் விடும் ஏலத்தில்தான் எடுக்கிறேன். எனக்காக ஒருநாளாவது விலையை இறக்கியிருப்பாரா? "இன்னாடா, கெட்டுப்போன இறால் வாங்குன மாதிரி மூஞ்ச வெச்சிகினு கீற?" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவார்.

சில வருடங்களுக்கு முன் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. அதற்கப்புறம் ஏலம் விடும்போது இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

ஏலத்தில் ஒரு கை மறைவாகப் போனால், யாருக்கோ ஜாடை காட்டுவதாகத்தான் அர்த்தம். வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். வேறு ஆளை நிறுத்தலாம் என்றே பேச்சு வந்துவிட்டது. அங்கே ஏலம் விட்ட அவர் நைனாவுக்குப் பிறகு அக்கா அடம்பிடித்து வாங்கிய இடம் அது.

ஒரு காலை, நண்டுக் கூடை முன்னால் ஒருவர் நேராகவே கேட்டார். "கைய வெளிய எடு. யாருக்கு சிக்னல் குடுக்கற?"

"சிக்னலா? ஆபரேஷன் பண்ண எடத்துல குடல் பிதுங்கிகினு வருதுடா! அத அமுக்கிப் புடிச்சிகினுதான் உங்களுக்கு நண்டு வித்துகினு கீறேன்!"

மிச்ச நண்டையும் விற்றுவிட்டுத்தான் அக்கா உட்கார்ந்தார்.

மறுநாள் அந்த ஆளே தன் லோடு ஆட்டோவில் அவரைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஹெர்னியா என்றார்கள். பழைய தையல் போட்ட இடத்தில் வயிற்றுச் சதை விட்டுப்போயிருக்கிறது. மறுபடி திறந்து, உள்ளே வலை மாதிரி ஒன்றை வைத்துத் தைத்தார்கள்.

பார்க்கப் போனேன். "ஊரே ஏரில வலை போடுது, எனக்கு மட்டும் வயித்துல போட்டுட்டாங்கடா" என்றார். நான் சிரிக்க, அவருக்கும் சிரிப்பு வந்து, தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு... "போடா பாவி, வலிக்குது!"

கனம் தூக்கக்கூடாது, கத்தக்கூடாது என்று டாக்டரின் உத்தரவு. அந்த மாதங்களில் ஆளாளுக்கு ஏலம் விட்டுப் பார்த்தார்கள். தினமும் சண்டைதான் மிச்சம்.

டாக்டர் சரி என்று சொன்ன மறுநாளே வந்து நின்றார். இடுப்பில் பெல்ட், தலையில் மல்லிப்பூ. எதிரே கொடுவா மீன் கூடை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விட்டாரே ஒரு சத்தம்! படகில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். நாங்கள் விசிலடித்த விசிலில் விலை கேட்கவே மறந்துபோனோம்.

"இன்னாடா வேடிக்க? கேளுங்கடா!"

எங்கள் அக்கா ஜெயித்துவிட்டார். அன்று எனக்கு அழுகையே வந்தது.

அதன்பிறகு அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நேற்றுக்கூட கடைசிக் கூடைவரை அவர்தான்.

நேற்று என் தலையில் கட்டினீர்களே, அந்த இறால் மத்தியானத்துக்குள் வித்துப்போச்சு அக்கா. காலையில் வந்து சொல்லலாம் என்றிருந்தேன்...

போய் வாங்க.