கமா சார் செய்த திருத்தங்கள்

'கமா சார்' என்ற பெயர் அலுவலகத்தில் அவருக்கு விழுந்ததற்கு அவரே காரணம். யார் மின்னஞ்சல் அனுப்பினாலும் அவர் எழுதும் பதிலில் முதல் வரி விஷயத்தைப் பற்றி இருக்கும். இரண்டாவது வரி நிறுத்தற்குறியைப் பற்றி இருக்கும். "இந்த வாக்கியத்துல மூச்சு விட இடமே இல்லையேப்பா, படிக்கிறவன் சாகட்டும்னு எழுதினியா?" என்று இளம் பொறியாளர்களைக் கேட்பார். அவர்கள் அவருடைய முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆனால் அனுப்புவதற்கு முன் அவரிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள்.

தொழிற்சாலை எடைமேடைகளைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் நிரல்களை எழுதுவது அவருடைய வேலை. மனைவியின் அண்ணன் சரக்கு வேன் ஓட்டுகிறவர். "டிரைவர்னா நானும் டிரைவர்தான் மாப்ள. எனக்கு வண்டியாவது இருக்கு" என்று ஒவ்வொரு முறை வரும்போதும் அதே கிண்டலைச் செய்வார். இவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார்.

நாற்பத்தெட்டு வயதில் வேலையில் தடுமாற ஆரம்பித்தார். தானே எழுதிய நிரலில் தானே வைத்த பெயர்கள் எதற்கு என்று புரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டங்களில் "அந்த இது… அதைப் போய் இதுல சேர்க்கணும்" என்று பேசினார். களைப்பு என்று நினைத்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்தார். ஓராண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, கைகுலுக்கி, மாலை போடாத குறையாக, நிறுவனம் அவரை அனுப்பிவைத்தது.

டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் வீடு. மனைவி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்தவர், துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அங்கேதான் கெர்னல் ஆவணங்களைத் திருத்தும் வேலை தொடங்கியது.

கணினியில் முதலில் விழித்து, கடைசியாகத் தூங்கப் போகிற அடித்தள நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு, எந்தக் கருவி எப்போது பேசலாம் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அதுதான். அவர் இருபது ஆண்டுகள் நம்பிப் பிழைத்த கெர்னலை, பல நாடுகளில் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் எல்லாரும் பார்க்கும்படி சேர்ந்து எழுதினார்கள். நிரலுக்கு அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த விளக்க ஆவணங்களை மட்டும் வண்டி கிளம்பும் நேரத்தில் கட்டிய மூட்டை மாதிரி விட்டிருந்தார்கள். ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தது. ஏழு வரி ஓடிய வாக்கியம் எங்கும் நிற்காமல் சுவரில் போய் முட்டியது. முற்றுப்புள்ளி இல்லாமல் பத்திகள் முடிந்தன.

அவர் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, எல்லாரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினார். ஆவணங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் தொலைதூர நாட்டில் வசித்த ஒரு பெண். முகம் பார்த்ததில்லை; வீட்டில் அவரை 'அந்தம்மா' என்றே சொல்வார்கள். அவர் எழுதும் பதில் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: "நன்றி. சேர்த்துக்கொண்டேன்."

"இன்னைக்கு அந்தம்மா மூணையும் எடுத்துக்கிட்டாங்க" என்று மனைவி செருப்பைக் கழற்றும் முன்பே சொல்வார்.

"எடுத்துக்காம? உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி போயிடுமா?"

அவள் கேலியாகச் சொன்னாலும் அவளுக்கு நிம்மதிதான். மனிதர் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பேச்சில் சொற்கள் நழுவிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. கெட்டிலை 'ஊத்துறது' என்றார். கத்தரிக்காய், முட்டைக்கோஸ் எல்லாமே 'காய்' ஆகிவிட்டன. வேலை போன கவலை, சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அவளைக் கூப்பிட்டார். முகம் சுருங்கியிருந்தது. "இதைப் படி. என் மேல ஏதோ புகார் சொல்றான், என்னன்னு எனக்குப் பிடிபடல."

எங்கோ ஓர் இளைஞன் குழுவுக்கு எழுதியிருந்தான். ஆவணத்தில் சொன்னபடியே தன் நிரலை எழுதியதாகவும், கருவி அடிக்கடி உறைந்துபோனதாகவும், பல வாரங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகே தப்பு தன் நிரலில் இல்லை, ஆவணத்தில் இருக்கிறது என்று தெரிந்ததாகவும். இரண்டு வேலைகள் ஒரே தரவில் ஒரே நேரத்தில் கைவைக்காமல் தடுப்பதை நிரலில் பூட்டு என்பார்கள். 'பூட்டை விடுவித்த பிறகே இதை அழைக்க வேண்டும்' என்று முதலில் இருந்திருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுத்தற்குறித் திருத்தத்தோடு சேர்ந்து 'பூட்டைப் பிடித்த பிறகே' என்று அது மாறியிருந்தது. மாற்றியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது. கமா திருத்துகிறவர்தானே என்ற நம்பிக்கையில் யாரும் சொற்களை உற்றுப் பார்க்கவில்லை.

"வாக்கியம் சரியாத்தானே இருக்கு? கமா சரியான இடத்துல இருக்கு" என்றார் அவர்.

"கமா சரிங்க. ஆனா விடுறதும் பிடிக்கிறதும் எதிரெதிர் இல்லையா? நான் உங்க வேலை தெரியாதவ, எனக்கே தெரியுது."

அவர் அந்த வரியில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, வழி கேட்கிறவர்போல் மரியாதையாகக் கேட்டார்: "பூட்டுன்னா என்ன?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே போய், பெட்டியில் தொங்கிய பூட்டைக் கழற்றி வந்து அவர் கையில் வைத்தாள். அவர் அதை இப்படியும் அப்படியும் புரட்டினார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கு" என்றார்.

அந்த வாரமே மனைவி அழைத்துப்போன மருத்துவர் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். கத்தரிக்கோலைக் காட்டியபோது, "இது வீட்ல இருக்கும், எல்லார் வீட்லயும் இருக்கும்" என்றார். ஒட்டகத்தைக் காட்டியபோது "நாய் மாதிரி, பெருசு" என்றார். சோதனை முடிந்து வெளியே வரும்போது உற்சாகமாக இருந்தார். "ஒண்ணு விடாம பதில் சொல்லிட்டேன்ல?"

மருத்துவர் மனைவியைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார்: "மூளையில அர்த்தம் இருக்கிற பகுதி சுருங்கிக்கிட்டு வருதும்மா. இலக்கணம் ரொம்ப நாள் நிக்கும். வாக்கியம் வாக்கியமா பேசுவார். அதனாலதான் இவ்வளவு நாள் வெளியில தெரியல. ஆனா சொல்லுக்குள்ள இருக்கிறது காலியாகிக்கிட்டே போகும்."

"மருந்து?"

மருத்துவர் இல்லையென்று தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் நேராக மேசைக்குப் போனார். மறுபடி திருத்த ஆரம்பித்தார். தனக்கு ஏதோ நோய் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. 'மறதி' என்ற அளவில் அதை எடுத்துக்கொண்டிருந்தார். தெரியாத சொல் வந்தால் அதைத் தூக்கிவிட்டுத் தெரிந்த சொல்லைப் போட்டார். அப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. வாக்கியம் முன்பைவிட வழுவழுப்பாக இருந்தது. அது போதும் அவருக்கு.

மனைவி பரிசோதனைக் கூடத்தில் மதிய உணவு நேரத்தில் அந்தம்மாவுக்குத் தனியாகக் கடிதம் எழுதினாள். கணவரின் நிலையைச் சொன்னாள். 'அவருடைய திருத்தங்களை இனிமேல் சேர்க்க வேண்டாம். ஆனால் தப்பு என்று அவரிடம் சொல்லவும் வேண்டாம். சேர்த்துக்கொண்டேன் என்று மட்டும் எழுதிவிடுங்கள்.'

பதில் மறுநாளே வந்தது. 'சேர்க்காததைச் சேர்த்தேன் என்று எல்லாரும் படிக்கும் இடத்தில் என்னால் எழுத முடியாது. பதில் எழுதாமல் இருக்க முடியும். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்காகச் செய்கிறேன்.'

அதற்குப் பிறகு அவருக்கு எந்தப் பதிலும் வரவில்லை. அவர் திரும்பத் திரும்ப அஞ்சலைத் திறந்து பார்த்தார். சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒருத்தரும் பதில் போடல. கோவமா இருக்காங்களா?"

"லீவுல போயிருப்பாங்க."

"இவ்வளவு நாளா?"

"அவங்களுக்கும் குடும்பம் இருக்காதா?" என்று அவள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். இரத்தமாதிரிக் குப்பியில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டு மறைக்கிறவள்போல் அவர் பக்கம் திரும்பவில்லை.

அவர் இன்னும் அதிகமாக அனுப்பினார். ஒருவேளை குறைவாகச் செய்கிறோமோ என்று நினைத்தார். பழைய திருத்தங்களையே இன்னொரு தரம் அனுப்பினார். "தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்று அடியில் எழுதினார். சவரம் செய்துகொள்வதை நிறுத்தினார். மச்சான் வந்து வழக்கமான கிண்டலைச் சொன்னபோது சிரிக்காமல், "நீங்க என்ன ஓட்டுறீங்க?" என்றார். வேன் ஓட்டுகிறவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குக் காபி குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

சொற்கள் போனாலும் தேதிகளும் வரிசையும் அவரிடம் இருந்தன. மற்றவர்கள் அனுப்பியதற்கு அந்தம்மா அன்றன்றே பதில் எழுதியிருப்பதை ஒரு நாள் அவர் வரிசையாகப் பார்த்துவிட்டார். மனைவி வேலை முடிந்து வந்தபோது கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அவங்க லீவுல இல்ல."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"எல்லாருக்கும் எழுதுறாங்க. எனக்கு மட்டும் இல்ல. நீ ஏதாவது சொன்னியா?"

பொய் சொல்ல வாயெடுத்தவள் அவர் கண்ணைப் பார்த்தாள். "சொன்னேன்" என்றாள். "உங்க திருத்தம் எல்லாம் இப்ப தப்பா வருதுங்க. அர்த்தம் மாறுது. ஊர் முன்னாடி யாராவது உங்களைத் திட்டிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"திட்டினா திட்டட்டுமே. நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கேன். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே. என்னை அங்கே உட்கார வெச்சு வேடிக்கை பார்த்தியா?"

"வேடிக்கை பார்க்கலங்க."

"பின்ன?"

அன்று இரவு அவர் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவரே அவளை அழைத்தார். அவள் விடுப்பு எடுத்தாள். "அந்தம்மா சேர்த்துக்கிட்டதுல எது எது தப்புன்னு பார்க்கணும். அந்தப் பையன் மாதிரி இன்னொருத்தன் மாட்டக் கூடாது. எனக்குச் சொல் தெரியாது. நீ படி."

அவள் படித்தாள். பழைய வரி ஒருபக்கம், அவர் மாற்றிய வரி மறுபக்கம். தெரியாத சொற்களுக்கு அகராதியைப் புரட்டினாள். "இது 'விலக்கு'ன்னு இருந்ததை 'விளக்கு'ன்னு மாத்தின மாதிரி, ரெண்டும் வேற வேறங்க" என்று தமிழில் ஒப்பிட்டுச் சொல்வாள். அவர் தலையாட்டி, "அதை எடுத்துடு" என்பார். ஒவ்வொரு 'எடுத்துடு'வுக்கும் குரல் கொஞ்சம் இறங்கியது. நடுவில் ஓரிடத்தில் அவளே தப்பு என்று நினைத்த ஒன்றை, "இல்ல, இது சரி. அரைப்புள்ளிதான் வரணும்" என்று பிடிவாதமாகச் சொன்னார். அது சரிதான்.

இந்த வேலை அந்த வாரம் முழுக்க நடந்தது. பிறகு குழுவுக்கு ஒரு கடிதம். அவர் சொல்ல முயன்றார். "அது இருக்கே, அந்த இது" என்பதற்கு மேல் நகரவில்லை. அவள் எழுதி வாசித்துக் காட்டினாள்: 'எனக்கு மூளையில் ஒரு நோய். சொற்களின் பொருள் எனக்கு இப்போது சரியாகத் தெரிவதில்லை. கடந்த ஆண்டில் நான் செய்த திருத்தங்களில் கீழ்க்கண்டவை தவறானவை, தயவுசெய்து நீக்கிவிடுங்கள். இனி நான் அனுப்ப மாட்டேன்.'

"'நீக்கிவிடுங்கள்'க்கு அப்புறம் பத்தியைப் பிரி" என்றார். பிரித்தாள். அனுப்பு பொத்தானை அவர்தான் அழுத்தினார்.

அந்தம்மா அன்றே எல்லாரும் பார்க்கப் பதில் எழுதினார். தவறுகளை நீக்கிவிட்டதாகவும், மற்றவை எல்லாம் அப்படியே இருக்கும் என்றும், அவருக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்கு வருந்துவதாகவும். புகார் சொன்ன இளைஞனும் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதியிருந்தான். மனைவி உரக்கப் படித்தாள். அவர் கவனமாகக் கேட்டார். எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. "நல்லா எழுதியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு மேசையில் துவைத்த துணி குவிந்தது. வேன்காரர் தன் ஓட்டங்களைக் குறைத்துக்கொண்டு பகலில் வந்து உட்கார்ந்தார். கமா சார் அவரோடு ஓயாமல் பேசினார். ஏற்ற இறக்கமெல்லாம் சரியாக இருந்தது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். "அதை எடுத்து இதுல வெச்சா, இது அதுவாயிடும், இல்லையா?" என்பார். "ஆமாம் மாப்ள" என்பார் வேன்காரர். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தூரத்திலிருந்து கேட்டால் இரண்டு பேர் ஏதோ முக்கியமான விஷயம் பேசுவதுபோல் இருக்கும்.

மகள் தேர்வு முடிந்து வந்தாள். வாரக்கணக்காக அம்மா தொலைபேசியில் சொல்லித் தயார்ப்படுத்தியிருந்தாள். அவள் பெட்டியை வைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, பாடம், விடுதி, தோழிகள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பண்போடு கேட்டார். இடையிடையே தலையாட்டினார். பிறகு மனைவி பக்கம் சாய்ந்து, ஆனால் குரலைத் தாழ்த்தாமல் கேட்டார்:

"இவங்க எப்ப போவாங்க?"

மனைவி கையில் கரண்டியோடு மகளைப் பார்த்தாள்.

மகள்தான் பதில் சொன்னாள். "நாளைக்குக் காலைல போயிடுவேங்க."

"அப்படியா, சரி சரி" என்றார் அவர், நிம்மதியாக. அறையில் மின்விசிறி அவருக்கு நேராக மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கவனித்தவர் நாற்காலியை ஓரமாக நகர்த்தி, விருந்தாளிக்கும் காற்று வருகிற மாதிரி இடம் விட்டார்.

"வெயில்ல வந்திருக்கீங்க, இப்படி உட்காருங்க."

அவள் போய் உட்கார்ந்தாள்.