இது யாருடைய பெட்டி

அக்கா வீட்டு முன்னறையில், அலுமாரிக்கு மேலே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது. உப்புக்காற்றில் மூலைகள் துருவேறிவிட்டன. ஒரு பக்கம் சின்ன விசிறி, மறுபக்கம் நிறம் நிறமாக வயர்க் கற்றை. அதில் மஞ்சளும் கறுப்புமாக இரண்டு வயர் மட்டும் நீண்டு, வாசல் நிலைக்கு மேலே தொங்கும் மோட்டார் சைக்கிள் பல்ப் ஒன்றில் போய் முடிகின்றன. பழைய கணினியொன்றின் பவர் சப்ளை அது. வீட்டில் நல்ல பல்ப்புகள் இருக்க இந்த மங்கல் வெளிச்சம் எதற்கு என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா சுவிட்சைப் போடுவாள், விசிறி கிர்ரென்று சுற்றத் தொடங்கும். இத்தனை வருடம் போன பிறகும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. மற்றவர்கள் ஆறிவிட்டார்களாம். நான் ஆறவில்லை. ஆறப்போவதும் இல்லை.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்பேன். உடப்பு என்கிற எங்கள் கடற்கரை ஊரில் பிறந்தும் கடலுக்குப் போகாத ஆள் என்று ஊரில் அவரைப் பகிடி பண்ணுவார்கள். வள்ளத்தில் கால் வைத்தாலே அவருக்குக் குமட்டும். முந்தல் பக்கத்து இறால் பண்ணையொன்றில் மோட்டார் பார்க்கிற வேலை செய்தார். மிச்ச நேரத்தில் ரேடியோ, ரீவி, மின்விசிறி என்று ஊரார் கொண்டுவருவதையெல்லாம் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். அடக்கமான மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஒரு ரேடியோ பாடத் தொடங்கிவிட்டால் அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. திருத்த வராவிட்டால் அதைச் செய்த கம்பனிக்காரனுக்குத் திட்டு விழும். அவர் திருத்தியதில் பாதி திரும்பவும் பழுதாகித் திரும்பவும் வரும். கோபம் வந்தால் ஆள் பார்க்காமல் பேசுவார், பத்து நிமிடத்தில் அதே ஆளோடு இருந்து தேத்தண்ணி குடிப்பார். வாய் மட்டும் சும்மா கிடக்காது. எனக்கு அவரைப் பிடித்ததும் அதனால்தான்.

வடக்குக் கிழக்கில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம். ஊர்ச் சங்கம் ஒன்றுக்கு எங்கிருந்தோ ஒரு பழைய கணினி அன்பளிப்பாக வந்தது. சங்கத் தலைவர் அதற்கு மாலை போட்டுப் படம் எடுத்து, நம் பிள்ளைகள் உலகத்தையே வெல்லப்போகிறார்கள் என்று ஒலிவாங்கியில் முழங்கினார். நான் பள்ளியில் உயர்தரம் முடித்துவிட்டுச் சிலாபத்தில் ஒரு கணினி வகுப்புக்குப் போய் வந்திருந்தேன். அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னைப் பிடித்தார்கள். ஒரு கணினி, அதைச் சுற்றி ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகள். ஆளுக்கொரு எழுத்து அடிக்கவே பின்னேரம் முடிந்துவிடும். ஆனாலும் ஒருத்தரும் வராமல் இருக்கமாட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கணினி மக்கர் பண்ணத் தொடங்கியது. போட்டால் ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடும். பிறகு துடிப்பும் போய்விட்டது.

தலைவர்தான் ஆள் அனுப்பி அத்தானைக் கூப்பிட்டார். அத்தான் கணினியின் மூடியைக் கழற்றி மோப்பம் பிடித்துவிட்டு, பவர் சப்ளைதான் போயிருக்கிறது, பெட்டியை வெளியே எடுக்கவேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் இல்லை. தலைவர் தன் கையாலேயே டோர்ச் பிடித்தார். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அத்தான் பின்பக்கத்து நாலு திருகாணிகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கொண்டுபோய் வடிவாச் செய்யுங்க தம்பி, எங்கட பிள்ளையளின்ட விஷயம்" என்று தலைவர் அவருடைய முதுகில் தட்டினார். முதுகில் தட்டிய அந்தக் கையை நான் மறக்கவில்லை.

வீட்டில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே கப்பாசிட்டர்கள் இரண்டு தலை வீங்கிப்போய் இருந்தன. உடப்புக் காற்றில் இரும்பே நிற்காது, இது எந்த மூலைக்கு என்றார் அத்தான். அந்தச் சாமான் சிலாபத்தில் ஒரு சிங்கள முதலாளியின் கடையில் கிடைக்கும். முன்னொரு முறை பிழையான சாமானை வாங்கி வந்து இரண்டு முறை அலைந்த ஆத்திரத்தில், இந்த முறை பெட்டியையே கொண்டுபோய் அங்கேயே பூட்டி, பல்ப் எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்றார். அதற்காக மோட்டார் சைக்கிள் பல்ப் ஒன்றை அதில் தொடுத்தார். கணினி இல்லாமல் பெட்டி தனியே உயிர்ப்பதற்குப் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்து ஒரு வளைந்த கம்பியையும் குத்தினார். எல்லாம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் ஊரில் ஒரு காரியத்துக்காக ஒருவரிடம் போவதென்றால் மீனோ கருவாடோ இல்லாமல் யாரும் போவதில்லை. வெறுங்கையோடு போய் நின்றால் போனவருக்கல்ல, அனுப்பிய வீட்டுக்காரிக்குத்தான் வெட்கம். சிலாபச் சந்தையில் கருவாடு விற்கிற அக்கா அதை விடுவாளா? மீனுக்கு ஐஸ் போடுகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் பவர் சப்ளையைப் பக்குவமாக வைத்து, அதற்கு மேலே கடதாசி விரித்து, முதலாளிக்கென்று நல்ல கட்டாக் கருவாடாகப் பார்த்து அடுக்கினாள். மூடி விலகாமல் வலைக் கயிற்றால் கட்டியும் கொடுத்தாள். எங்களில் ஒருவருக்கும், ஒரு கணம்கூட, அது வேறு கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றவில்லை.

வழியில் படைக்காரர்களின் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கருவாட்டுக்குக் கீழே வயரும் பல்ப்புமாக ஒரு தகரப் பெட்டி. கொண்டு வந்தவர் ஒரு தமிழர். பஸ் முழுவதையும் இறக்கித் தூரமாக ஓடச் சொன்னார்களாம். பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் அது வேறு ஆள். நம் அத்தான், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், இது கணினிச் சாமான், திருத்திப் புளக்கைக் குத்தினால் பல்ப் எரியும் என்று சொல்லியிருக்கிறார். சொல்லி முடிக்க விடவில்லை, தரையில் குப்புறப் போட்டார்கள். அந்த பஸ்ஸின் கொண்டக்டர்தான் திரும்பி வரும்போது அக்காவிடம் வந்து சொன்னார். அப்படிப் பிடிபட்டுப் போய் வீடு திரும்பாதவர்களின் பெயர்கள் அந்த நாளில் எல்லோருக்கும் தெரிந்திருந்தன.

பொலிஸ் நிலையத்தில் கேட்டது ஒன்றுதான். கணினிச் சாமான் என்கிறார், சங்கத்துடையது என்கிறார், அப்படியென்றால் சங்கத்தில் பதவியில் இருக்கிற ஒருவர் வந்து இது எங்களுடையது என்று சொல்லட்டும். அவ்வளவுதான். அக்காவும் நானும் தலைவர் வீட்டுக்கு ஓடினோம். அவர் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தரச் சொல்லி, இதெல்லாம் ஒரு விஷயமா, பொலிஸுக்கு நானே போன் எடுத்துக் கதைக்கிறேன், நிம்மதியாகப் போங்கள் என்றார். அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கதைக்கிறேன் என்றவர் கதைக்கத்தான் செய்தார். மறுநாள் காலை நாங்கள் போய் நின்றபோது பொறுப்பதிகாரி அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். உங்கள் சங்கத் தலைவர் போனில் பேசினார், சங்கத்தில் இருந்து எந்தப் பெட்டியும் வெளியே போகவில்லையாம், அந்த ஆளுக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமும் இல்லையாம் என்றார். உள்ளே அத்தானின் இடது காதில் இரத்தம் காய்ந்திருந்தது. அந்த போனுக்குப் பிறகுதான் அடி விழுந்திருக்கிறது. அதுவரை அவர் சந்தேகத்துக்குரிய ஆள். அதன் பிறகு பொய்யும் சொல்கிற ஆள்.

படைக்காரர்கள் மேலே கோபமில்லையா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஏன் இல்லை? கருவாட்டைக் கொட்டி, மனிதனைக் குப்புறப் போட்டு மிதித்தவன்மேல் எனக்கு என்ன பாசமா? ஆனால் அவனுக்கு அத்தானைத் தெரியாது. டோர்ச் பிடித்தவருக்குத் தெரியும். பயம் என்கிறார்கள். பயம் யாருக்குத்தான் இல்லை? பயந்தவர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்திருக்கலாம், போன் எடுக்காமல் இருந்திருக்கலாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவரின் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குப் பெயர் பயமா? திரும்பவும் தலைவரிடம் போய் நேரே கேட்டோம். வாசலை விட்டு உள்ளே கூப்பிடவில்லை. "எனக்கும் பிள்ளையள் இருக்கு, தங்கச்சி. பேர் பதிஞ்சா முடிஞ்சுது" என்று அக்காவைப் பார்க்காமல் வாசற்படியைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் நான் சொன்னேன், இங்கே எழுத முடியாது. தெருவுக்கு வந்த பிறகு அக்கா என் பக்கம் திரும்பி, "வகுப்பறைத் திறப்பு உன்னட்டத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

நான் வகுப்பறைப் பூட்டைத் திறந்துவிட்டேன், கணினியைச் சேலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா என்னோடு பஸ் ஏறினாள். பிள்ளையைத் தூக்குகிற மாதிரித்தான் தூக்கினாள். திரை, விசைப்பலகை ஒன்றும் வேண்டாம், உடம்பு மட்டும் போதும் என்றாள். அதே சோதனைச் சாவடி. அவர்கள் கேட்கும் முன்னே சேலையை அவிழ்த்து, பின்பக்கத்தில் இருந்த ஓட்டையைக் காட்டி, இதில் இருந்ததைத்தான் நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று சந்தைச் சிங்களத்தில் சத்தமாகச் சொன்னாள். அந்தப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

பொலிஸ் நிலையத்தில் மேசைமேல் டொம்மென்று வைத்தாள். வேறு கதையில்லை, அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து இந்த ஓட்டையில் வையுங்கள் என்றாள். பொறுப்பதிகாரிக்கு முதலில் சினம். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு கான்ஸ்டபிளை விட்டுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். வயர்களைத் தள்ளிவிட்டு அதை உள்ளே நகர்த்தினார்கள். வழுக்கிக்கொண்டு போய் இருந்தது. திருகாணித் துளை நாலும் நாலுக்கு நேரே வந்தன. அத்தானின் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கட்டி வைத்திருந்த திருகாணிகளைக் கொட்டி, பொறுப்பதிகாரியே ஒரு சில்லறைக் காசால் ஒன்றைத் திருகிப் பார்த்தார். திருகாணி இறங்கியது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரால் முடியாததை ஓட்டைகள் நாலும் சொல்லிவிட்டன. அன்று பின்னேரம் அத்தானை விட்டார்கள். அவர் படியிறங்கும்போது முதல் கேட்டது, கப்பாசிட்டர் வாங்க இப்போது கடை திறந்திருக்குமா என்றுதான். அக்கா நடுத்தெருவில் நின்று அழுதது அப்போதுதான். கருவாட்டை மட்டும் திருப்பித் தரவில்லை.

இரண்டொரு நாளில் தலைவர் ஆள் அனுப்பினார். சங்கத்துக் கணினியை அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்டு போனது பிழையாம், உடனே ஒப்படைக்க வேண்டுமாம். வந்தவரின் முன்னாலேயே அக்கா அந்தத் திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தாள். மிச்சத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். பெட்டி எங்கே என்று அவர் இழுத்தார். "அது சங்கத்துடையது இல்லையெண்டு தலைவர் பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார்" என்றாள். வகுப்பு அதோடு நின்றது. எனக்கும் வேலை இல்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் மனம் வலிக்கும், அந்தக் கணக்கையும் நான் தலைவரின் தலையில்தான் எழுதிவைத்திருக்கிறேன். அத்தான் கப்பாசிட்டரை வாங்கிப் பூட்டினார், பல்ப் எரிந்தது. ஆனால் அதை அவர் தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. இடது காது அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

போன ஆடியில் நான் அக்கா வீட்டில் நின்றபோது தலைவர் வந்தார். இப்போது அவர் எதற்கும் தலைவரில்லை, ஆனாலும் ஊர் அப்படித்தான் கூப்பிடுகிறது. கோயில் திருவிழாவுக்கு மின்விளக்கு வேலையை அத்தான் பொறுப்பெடுக்கவேண்டும் என்று கேட்க வந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரம். அத்தானின் இடப்பக்கத்துக் கதிரையில் இருந்து, அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, விசிறிச் சத்தம் கேட்டு மேலே பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது எங்கட கொம்பியூட்டர்ப் பெட்டியெல்லோ? இன்னும் வேலை செய்யுதே!"

அக்கா அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள். அத்தான் மெல்லக் கதிரையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார். "இந்தப் பக்கம் கேக்காது தலைவர். இன்னொருக்காச் சொல்லுங்க."

அவர் குரலை உயர்த்தி, சொல்லுக்குச் சொல் நிறுத்திச் சொன்னார். "இது எங்கட பெட்டியெண்டு சொன்னன்."

"ஓம்" என்றார் அத்தான். "இவ்வளவுதான் அண்டைக்கும் சொல்லியிருக்க வேணும்."

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அவர் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. திருவிழாவைப் பற்றியும் கதைக்கவில்லை. எழும்பி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். விசிறி கிர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தான் வலது காதை அந்தப் பக்கம் வைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.