கிணற்றுக்குள் கேட்காத டீ பெல்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் கடலில் முழுகுபவர்கள் அந்தக் காலத்தில் போட்ட செம்புத் தொப்பியைப் படத்தில் பார்த்த வாரமே அதே போல ஒன்றைச் செய்துவிட்டேன். பித்தளை அண்டாவைத் தலையில் கவிழ்த்து, என் பனியன் கம்பெனி கம்ப்ரசரிலிருந்து காற்றுக் குழாய் இழுத்து, கம்பெனிக் கிணற்றின் அடியில் சிக்கிய மோட்டாரை எடுக்க இறங்கினேன். பாதி வேலையில் காற்று நின்றது. தண்ணீர் மூக்குவரை ஏறியது. அண்டாவைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்து மேலே வந்தேன்.

"ஆரு கம்ப்ரசரை அணைச்சது?"

"நாந்தானுங்க," என்றாள் தைத்த பனியன்களைச் செக்கிங் பார்க்கும் அம்மிணி, கையில் டீ டம்ளரோடு. "டீ பெல் அடிச்சா அணைக்கோணும்னு நீங்கதானுங்க சட்டம் போட்டீங்க!"

சட்டத்தை நான் மாற்றவில்லை, நல்ல சட்டம். ஆனால் இன்றும் பெல் அடித்து கம்ப்ரசர் சத்தம் நின்றால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. டீயை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் காற்று வாங்குகிறேன்.