பதினைந்து நிமிஷப் பட்டை

அன்றைக்கு ட்ராசா பள்ளிக்கூடத்துக் கூடத்தில் இருந்தவர்கள்: வெளிநாட்டு டாக்டர். தலைநகர் சுவாவிலிருந்து வந்த நர்ஸ். பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர். என் தங்கை. அவள் புருஷன். ரத்தம் கொடுக்க வந்த கரும்புக்காரர்கள். அப்புறம் நான், பெட்டி தூக்க.

எங்கள் தீவில் ஆட்சியைக் கவிழ்த்ததற்கு அடுத்த வருஷம் அது. குத்தகை நிலம் போனவர்கள் நியூசிலாந்துக்குக் குடிபோகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தங்கை புருஷனும் நிரப்பினான், அவளையும் கூட்டிப்போவதாகச் சொல்லி.

கல்லீரலைக் கெடுக்கும் காமாலைக் கிருமியைக் கண்டுபிடிக்க டாக்டர் ஒரு பட்டை செய்துகொண்டிருந்தார். ஒரு சொட்டு ரத்தம் விட வேண்டும். பதினைந்து நிமிஷத்தில் ஒரு கோடு வந்தால் கிருமி இல்லை. இரண்டு வந்தால் உண்டு. பட்டை சொல்வது சரிதானா என்று பார்க்க, மீதி ரத்தம் சுவாவுக்கு, பெரிய மிஷினுக்குப் போகும். நேரம் தப்பினால் பட்டை காய்ந்து பொய்க்கோடு காட்டும். இதை டாக்டரே மூன்று தடவை சொல்லி, என் கையில் அலாரம் கடிகாரத்தைக் கொடுத்தார். நான் நாலாவது வரை படித்தவன். எனக்குப் புரிந்தது.

சொட்டு விட்டு முடித்ததும் தலைவர் டாக்டரைப் பாயில் உட்காரவைத்து நங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்தார். சட்டி காலியாகும் வரை விருந்தாளி எழுந்திருக்கக் கூடாது. இங்கே அதுதான் மரியாதை. அலாரம் அடித்தது. போய்ச் சொன்னேன். தலைவர் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த சிரட்டையை வாங்கினார். அவ்வளவு படிப்பும் ஒரு சட்டி கலங்கல் தண்ணீருக்குள் போயிற்று.

ஒரு மணி நேரம் கழித்து வந்து பட்டைகளைப் பார்த்தார். தங்கையின் பட்டையில் மங்கலாக இரண்டாவது கோடு. நேரம் தப்பிவிட்டது என்றேன். அவர் எழுதிக்கொண்டே போனார்.

தங்கை புருஷன் எட்டிப் பார்த்தான். பிறகு அவளை விட்டு இரண்டடி தள்ளி நின்றான். பதினோரு வருஷம் அவள் கையால் தின்றவன்.

நர்ஸ் மட்டும் மனுஷி. இன்னொரு பட்டை கொடுத்தாள். மறுபடி ஒரு சொட்டு விட்டோம். கடிகாரத்தை நானே பிடித்துக்கொண்டேன். பதினைந்தாவது நிமிஷம் ஒரே கோடு. அவனிடம் காட்டினேன்.

"நீ என்ன டாக்டரா மச்சான்? கிருமி இருந்தா அங்க விடமாட்டாங்க. மிஷின் சொல்லட்டும். அதுவரைக்கும் படிவத்த குடுக்கமாட்டேன்" என்றான்.

பத்து நாளில் மிஷின் சொல்லிவிட்டது. தங்கைக்குக் கிருமி இல்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு தங்கையும் நானும் அவனிடம் போனோம். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். படிவம் முந்தியே போய்விட்டது, போய்ச் சேர்ந்ததும் அவளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சட்டையைப் பார்த்துச் சொன்னான்.

"இஸ்திரிய கீழ வெச்சிட்டுப் பேசு. சட்ட கருகுது" என்றாள் தங்கை.

படிவத்தின் நகல் மேஜையில் கிடந்தது. அவள் எடுத்து என்னிடம் நீட்டினாள். முத்திரையில் பரிசோதனைக்கு மறுநாள் தேதி. போகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்ட கட்டத்தில் அவன் கையெழுத்து.

1.