இரண்டு இங்கிலீஷ் போத்தலும் ஒரு வேலிக் கதையும்

லண்டனுக்குப் போகும் ரயில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் நிற்கிறது. பாரிஸில், லா ஷப்பலில் எங்கள் குசினி யன்னலைத் திறந்தால் தண்டவாளம் தெரியும். என் கஷ்டமெல்லாம் அங்கேதான் தொடங்கியது. தூரம் என்று ஒரு சாக்குச் சொல்ல வழியில்லை.

மகள் கல்யாணம் கட்டிக்கொண்டு இங்கிலாந்தில், கென்ட் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் இருக்கிறாள். பெப்ரவரியில் முதல் பிள்ளை. நாங்கள் இரண்டு பேரும் வந்து கோடை வரைக்கும் நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். மனுசி அன்றைக்கே பெட்டியைத் தூசு தட்டி வைத்துவிட்டாள். நான்தான் பின்னடித்தேன். முன்பு வேலை என்று சொல்லித் தப்பலாம். ஒக்டோபரில் நான் ஓய்வு பெற்றேன். என்னோடு சேர்ந்து என் சாக்குகளும் ஓய்வு பெற்றுவிட்டன.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கம். நான் கதைக்காமல் இருக்க முடியாத ஆள். பால் வாங்கப் போனால் ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஆறு தமிழ்க் கடைக்குள் தலையை நீட்டி, ஊர்ப் புதினம் எல்லாம் கேட்டு, பாலை மறந்துவிட்டு வருகிற மனுசன். மகளின் ஊருக்கு ஒருமுறை போனபோது நாலு நாளும் தெருத் தெருவாக நடந்தேன். என்னை இடித்த ஒருவர் 'சொறி' என்றார். நான் இடித்த ஒருவரும் 'சொறி' என்றார். அந்த நாலு நாளில் எனக்குக் கிடைத்த உரையாடல் அவ்வளவுதான்.

அதனால் நான் காரணத்தை நாட்டின் தலையில் போட்டேன். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, ஒரு மாதம் இருக்கும்போது, வெங்காயம் உரித்துக்கொண்டே மனுசியிடம் சொன்னேன்.

"இஞ்சாரும், மழையையும் தேத்தண்ணியையும் விட்டால் அந்த நாட்டிலை என்ன இருக்கு? வாய்க்கு வைக்க ஒரு வைன் உண்டோ? மனுசன் வாசிக்க ஒரு நாவல் உண்டோ?"

"நீங்கள் குடிச்சுப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"வாசிச்சுப் பாத்தனீங்களோ?"

"அதுக்குப் பாக்கவும் வேணுமோ?"

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் அடுப்பைக் குறைத்தால் விஷயம் பெரிது.

"சரி. இந்த நத்தாருக்கு உந்த நாட்டு வைனும் ஒரு நாவலும் நீங்களே தெரிஞ்சு வாங்கிக்கொண்டு வாங்கோ. நத்தாரண்டு சாப்பிட்டு முடிய எனக்குச் சொல்லுங்கோ. ரெண்டும் கூடாதெண்டால் நான் லண்டன் எண்ட சொல்லை எடுக்கமாட்டன். பிள்ளைக்கும் நானே போன் எடுத்துச் சொல்லுறன். ஒண்டெண்டாலும் நல்லாயிருந்தால் பெட்டி அடுக்கவேணும்."

"நான் பொய் சொன்னால்?"

"உங்கடை முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. வாய்க்கு மட்டும்தான் தெரியும்."

நான் உடனே சம்மதித்தேன். தெரிவு என் கையில் அல்லவா! இருப்பதில் ஆகக் கூடாததைத் தேடி வாங்கினால் காரியம் முடிந்தது. முப்பது வருடம் பாரிஸ் சாப்பாட்டுக் கடைகளில் மேசைக்கு மேசை வைன் ஊற்றிக் கொடுத்த எனக்குக் கூடாத வைன் தெரியாதா என்று ஒரு மிதப்பு.

மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒரு வைன் கடை இருக்கிறது. கடைக்காரர் உயரமான பிரெஞ்சுக்காரர், கண்ணாடியை நெற்றியில் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற வகை. அவரிடம் போய், "மிஸியூ, உங்களிடம் உள்ளதில் ஆக மோசமான இங்கிலீஷ் வைன் ஒன்று வேண்டும்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்படி என்ன பாவம் செய்தீர்கள்?"

மனைவியோடு ஒரு பந்தயம் என்று சொன்னேன். அவ்வளவுதான், மனுசன் வைத்தியர் மாதிரி ஆகிவிட்டார். கதவடிக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, மேல்தட்டிலிருந்து இரண்டு போத்தல்களை இறக்கினார்.

"என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. இது நுரைக்கிற வைன். இது நல்லது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் அம்மா ஷாம்பெயின் வடிக்கிற ஷாம்பாஞ் ஊர்க்காரி, அவவுக்குச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஊர்ச் சுண்ணாம்பு மண்தான் கடலுக்கு அடியால் போய் அந்தக் கரையில் எழும்புகிறது. இப்போது அங்கேயும் வெயில் எறிக்கிறது, வைனுக்கான முந்திரிகைக் குலையும் பழுக்கிறது. நாங்கள் என்ன செய்வது?"

"மற்றது?"

"வெள்ளை. புளிப்பு. புல்லு வெட்டிய மணம். உங்களுக்குப் பல்லில் கூச்சம் உண்டா?"

"நிறைய."

"அப்படியென்றால் வெற்றி உங்களுக்குத்தான்."

நல்லதைக் கடையில் விட்டுவைத்தால் மனுசி என்றைக்காவது வந்து கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் இரண்டையும் வாங்கினேன். நல்லதை ஒளித்துவைத்துவிட்டு, புளித்ததைத் திறப்பது என் திட்டம்.

நாவலுக்கு அவ்வளவு பாடு இல்லை. அதே தெருவில் ஒரு பழைய புத்தகக் கடை வாசலில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. பிரெஞ்சு வாசிக்க நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்ல. பிறர் மேசையில் விட்டுப்போன பத்திரிகைகளில் எழுத்துக் கூட்டிப் பழகியவன். ஆனாலும் இப்போது எந்தத் தடித்த புத்தகத்துக்கும் பயமில்லை. இங்கிலீஷிலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றிய நாவல்களில் ஆகத் தடித்ததை, எழுத்து ஆகச் சின்னதை எடுத்தேன். பின்னட்டையைப் பார்த்தேன். கொலை இல்லை. காதல் இல்லை. யுத்தம் இல்லை. இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் ஒரு வைத்தியர், பக்கத்து வீட்டில் ஒரு பாதிரியார், இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு செடிவேலி. அந்த வேலியைப் பற்றி நானூற்றைம்பது பக்கம். 'அப்பாடா, இதை எவன் வாசிப்பான்' என்று சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வேலிச் சண்டைக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன் இன்னொரு வேலிச் சண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, இது சுவையாயிராது என்று நம்பினான் என்றால், அவனுக்கு மேலே இருந்து யாரோ கயிறு இழுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

முதல் அத்தியாயத்தில், பாதிரியார் பூசைக்குப் போன நேரம் பார்த்து, வைத்தியர் வேலியை ஒரு அடி உள்ளுக்கு வெட்டிவிட்டார். நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது எனக்குத் தெரிந்த ஆள்! எங்கள் ஊர் ஒழுங்கையில் வேலி அடைக்கிற வருடமெல்லாம் கதியால் தடியைக் கைவிரலளவு தள்ளி நடுகிற ஆள்! இரண்டாம் அத்தியாயத்தில் பாதிரியாரின் மனைவி ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அளக்க வந்துவிட்டாள். அன்றைக்கு மனுசி சோறு சாப்பிடக் கூப்பிட்டும் நான் எழும்பவில்லை.

"என்னப்பா, நாவல் எப்பிடி?" என்று மனுசி கேட்டாள்.

"சரியான இழுவை."

"அப்பிடியோ" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் இப்படிக் கல்லு முகத்தோடு இருந்தேனா, கதை நெஞ்சுக்குள் கிடந்து இடித்தது. எனக்கு ஒரு கதை தெரிந்தால் அதை யாருக்காவது சொல்லாவிட்டால் சாப்பாடு செமிக்காது. அடுத்த நாள் காலை பலசரக்குக் கடைக்குப் போனதும், முருங்கைக்காய்க் கட்டைப் பிடித்துக்கொண்டே கடைக்காரத் தம்பிக்குச் சொல்லத் தொடங்கினேன். வாடிக்கையாக வரும் மன்னார் அக்கா ஒருவர், மாதா கோயிலில் பாட்டுப் படிக்கிறவர், கருவாட்டுப் பக்கம் நின்று காது கொடுத்தார்.

"பொறுங்கோ அண்ணை," என்றார் அவர். "சாமியாருக்கு மனுசியோ?"

"ஓம் அக்கா. அது இங்கிலீஸ் சாமி. அவை கலியாணம் கட்டலாம்."

"அப்பிடிச் சொல்லுங்கோ! கலியாணம் கட்டினால் பேந்து வேலிச் சண்டை வராமல் என்ன செய்யும்?"

கடைக்காரத் தம்பி உடனே வைத்தியர் பக்கம் சேர்ந்தார். "அண்ணை, டொக்டர் சும்மா வெட்டுவாரோ? அவரிட்டைக் காணி உறுதி இருக்கும். சாமிதான் கள்ளன்."

"தம்பி, வாயைக் கழுவும். எந்தச் சாமியெண்டாலும் சாமி."

"இங்கிலீஸ் சாமிக்கு நீங்கள் ஏன் அக்கா இந்தப் பாடுபடுறியள்?"

அன்றிலிருந்து கடையில் இரண்டு கட்சி. நான் உள்ளே காலை வைத்ததும் தராசு நின்றுவிடும். பக்கம் பக்கமாக வாசித்து, காலையில் கொண்டுபோய் இறக்கினேன். வேலிக்குள்ளிருந்த ஆப்பிள் மரம் எந்தப் பக்கம் என்று பெரிய வாக்குவாதம். வேர் இந்தப் பக்கம், கொப்பு அந்தப் பக்கம், பழம் யாருக்கு? கடைக்காரத் தம்பி சொன்னார்: "அண்ணை, உங்கடை கதை புளிக்கவைச்ச தோசைமா மாதிரி. ராவிலை மூடிவைச்சால் காலமை சட்டிக்கு வெளியிலை நிக்குது." நான் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் மனுசிக்குச் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டேன். எந்தக் கதை என்று கேட்டால் என்ன சொல்வது?

நத்தார் வந்தது. சாமப்பூசைக்குப் போய்வந்து, விடிய எழும்பி, மத்தியானம் மேசைக்கு உட்கார்ந்தோம். நான் கம்பீரமாக அந்த வெள்ளைப் போத்தலைத் திறந்து, ஒரு வாய் குடித்தேன். வைன் கடைக்காரர் நேர்மையான மனுசன். என் இரண்டு கண்ணும் ஒன்றை ஒன்று பார்த்தன. கடைவாய்ப் பல்லில் யாரோ ஊசி போட்ட மாதிரி.

"பாத்தீரோ முகத்தை?" என்றேன். "நான் நடிக்கேல்லை. இது வைனில்லை, தண்டனை."

"பாத்தன். கொஞ்சம் இருங்கோ."

குசினிக்குப் போனவள் ஒரு தட்டோடு வந்தாள். நெத்தலிப் பொரியல். மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு, சிவக்கப் பொரித்து, கறிவேப்பிலை மொறுமொறுக்க. நான் ஒரு பிடி வாயில் போட்டேன். உறைப்பு ஏறியது. கையில் இருந்ததைக் குடித்தேன். மறுபடி நெத்தலி, மறுபடி ஒரு வாய். ஏதோ ஒரு ருசி நிறைவாக வந்து உட்கார்ந்தது.

"இதுக்குத் தேசிக்காய்ப்புளி அளவா விட்டிருக்கிறீர்" என்றேன்.

"நான் புளியே விடேல்லை."

"பொய். புளி தெரியுது."

"உங்கடை கையிலை இருக்கிறதுதான் புளி."

நான் கிளாசைப் பார்த்தேன். அது வெறுமையாக இருந்தது. மூன்றாவது தரம் என்று நினைக்கிறேன்.

"இது செல்லாது," என்றேன். "இதிலை வெண்டது நெத்தலி. இங்கிலாந்து இல்லை."

"சரி, வைனை விடுவம். நாவல்?"

"அதுதான் சொன்னனே, இழு..."

"நேற்று கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனனான்," என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டு. "கடைக்காரத் தம்பி கேக்கிறார், 'அக்கா, சாமியார் ஆப்பிள் மரத்தைத் தறிக்க விட்டவரோ?' எண்டு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பக்கத்திலை நிண்ட மன்னார் அக்கா சொல்லுறா, 'அவவுக்குத் தெரியாமல் இருக்குமே, முதல் அவவுக்குத்தான் சொல்லியிருப்பார்' எண்டு. நான் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்தனான்."

நான் இன்னொரு நெத்தலியை எடுத்தேன்.

"நீங்கள் பந்தயத்திலை தோத்தது பெரிசில்லை," என்றாள். "ஊரெல்லாம் அந்தக் கதை கேக்குது. என்னோடை ஒரு மாதமா இழுவை எண்ட ஒரு சொல்லு. நீங்கள் வீட்டிலை கதைக்காட்டில் எனக்கு ரேடியோ பழுதான மாதிரிக் கிடக்குது."

இத்தனை வருடத்தில் என் வாயைப் பற்றி அவள் சொன்ன நல்ல சொல் அது ஒன்றுதான். நான் எழும்பிப் போய் நாவலைக் கொண்டுவந்தேன். கறி ஆற ஆற, முதலிலிருந்து சொன்னேன். பாதிரியாரின் மனைவி நூல் பிடித்த இடத்தில் அவள் கையைத் துடைத்துவிட்டு, கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"நூலைப் பிடிச்சவள் கெட்டிக்காரி" என்றாள். "மற்ற நுனியை ஆர் பிடிச்சது?"

அந்தக் கேள்வி கடையில் ஒருவருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மற்ற நுனியைப் பிடித்தது வைத்தியரின் வேலைக்காரி! அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகள் போன் எடுத்தாள்.

"ஜுவாயோ நொயேல், பாப்பா!" நத்தார் வாழ்த்தும் பிரெஞ்சு, அப்பாவைக் கூப்பிடுகிற 'பாப்பா'வும் பிரெஞ்சு. "அம்மா சொன்னவ, நீங்கள் வரமாட்டியளாம் எண்டு. இண்டைக்குச் சொல்லுவியளாமே?"

"அது கிடக்கட்டும் பிள்ளை. உங்கடை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலை என்ன இருக்கு?"

"என்னது?"

"வேலி. மதிலோ, செடியோ?"

"செடி. பெரிசா வளந்திருக்கு. பக்கத்திலை ஒரு வயதுபோன அம்மா, அவ ஒவ்வொரு கிழமையும் தன்ரை பக்கம் வெட்டுறா. ஏன் பாப்பா?"

"ஒவ்வொரு கிழமையுமோ! அது ஆரின்ரை வேலி? வேர் எந்தப் பக்கம்?"

"ஐயோ பாப்பா, எனக்கு என்னெண்டு தெரியும்? வேணுமெண்டால் நீங்களே அவவைக் கேளுங்கோ. ஆரும் கேட்டால் நிறையக் கதைப்பா. ஒருதரும் கேக்கிறேல்லை."

நான் போனைக் காதோடு நெருக்கிப் பிடித்தேன்.

"பிள்ளை, வடிவாக் கேள். நான் வந்து பாக்கிறன். அதுவரைக்கும் உங்கடை பக்கத்திலை ஒருதரும் ஒரு கொப்பும் வெட்டக்கூடாது."

போனில் மகள் கத்திய சத்தம் மனுசிக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவள் அங்கே இல்லை. அறைக்குள் பெட்டி திறக்கிற சத்தம். போய்ப் பார்த்தேன். நான் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த அந்த நுரைக்கிற போத்தலை அவள் தன் கம்பளிச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள். நாவலும் பக்கத்தில் இருந்தது. மிச்சம் நூற்றைம்பது பக்கம் இருக்கிற இடத்தில் என் பஸ் டிக்கெட் நீட்டிக்கொண்டிருந்தது.

"நல்லதை எனக்குக் காட்டாமல் ஒளிச்சு வைச்சனீங்கள் என்ன?" என்றாள். "இது பிள்ளை பிறந்தாப் பிறகு திறக்கிறதுக்கு."

"விசரோ உமக்கு? இங்கிலாந்து வைனைப் பாரிஸிலையிருந்து இங்கிலாந்துக்கோ கொண்டுபோறது?"

"ஓம்," என்றாள், பெட்டியை மூடிக்கொண்டு. "நல்லாயிருக்கெண்டு அவையளுக்கும் ஒருதர் போய்ச் சொல்ல வேணுமே. உங்களைவிட ஆர் இருக்கினம்?"