அடுப்புக்கு மேலே கேட்ட குரல்

சுவிஸில், லாங்கன்தால் நகரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ஒரு கிராமம் வரும். அங்கே ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்த பழைய சாப்பாட்டு விடுதி ஒன்றைத் துப்புரவாக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அப்போது நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ஓய்வு. அந்த இரண்டு நாட்களையும் கிராமத்துச் சங்கம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டது.

சங்கம் என்றால் ஏழெட்டுப் பேர்தான். தலைவி ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர். அந்தப் பக்கத்துத் தொழுவங்கள் எல்லாவற்றுக்குள்ளும் விடியற்காலையில் போய் வந்தவர். வைக்கோலுக்குள் படுத்திருந்தவர்களையும், காட்டோரம் கார்க் கண்ணாடிகளைப் போர்வையால் மறைத்துவிட்டு உள்ளே நித்திரை கொண்டவர்களையும் கண்டிருக்கிறார். ஊரில் மற்றவர்களைக் கேட்டால், தங்கள் பக்கத்தில் வீடில்லாதவர்கள் ஒருவரும் இல்லை என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் சூரிச் ரயில் நிலையத்தில் இருப்பார்கள் என்பது அவர்கள் நினைப்பு. தலைவி அவர்களோடு வாதாடவில்லை. விடுதியின் வாரிசுகளிடம் கதைத்துக் கதவுத் திறப்பை வாங்கினார். மேல்மாடியில் நான்கு அறைகளைத் தயார் செய்து, பனி விழுவதற்கு முன் தனக்குத் தெரிந்த மூன்று பேரை முதலில் கொண்டுவந்து இருத்துவது என்று முடிவாயிற்று.

நான் வேலை தொடங்கியபோது மூடுபனிக் காலம். அந்தப் பக்கத்தில் மூடுபனி வந்தால் வாரக்கணக்கில் போகாது. பஸ்ஸிலிருந்து இறங்கினால் விடுதி தெரியாது. அதன் இரும்புப் பெயர்ப்பலகை மட்டும் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்கும்.

முதல் நாளே ஒன்று எனக்கு உறுத்தியது. கீழ் மண்டபத்திலும் குசினியிலும் சிலந்தி வலை முகத்தில் அப்பியது. மேசைகளில் தூசி விரல் பதியக் கிடந்தது. மேலே போகிற மரப்படிகளில் மட்டும் ஒரு வலைகூட இல்லை. படிகளின் சுவரோரம் தூசி இருந்தது. நடுப்பகுதி சுத்தமாக இருந்தது. சங்கத்து ஆட்கள் ஏறி இறங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் அதுவரை இரண்டு தடவைதான் மேலே போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வேலை செய்யும்போது கிளிநொச்சியில் இருக்கும் தங்கச்சியோடு கதைப்பது என் வழக்கம். மண்டபத்தின் மூலையில், குளிர்காய்வதற்கான ஓடு பதித்த பெரிய அடுப்பு ஒன்று இருந்தது. கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு அதன் திட்டில் வைத்துவிட்டு யன்னல் துடைப்பேன். சாப்பிட்டியோ என்று கேட்பேன். ஓம், சாப்பிட்டன் என்பாள். மழை, வயல், கோயில் எல்லாம் சொல்லி முடித்து, "அக்கா, பிள்ளை என்ன செய்யிறாள்?" என்று கேட்பாள். நல்லாய் இருக்கிறாள் என்பேன். என் மகள் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் அப்போது ஐந்து மாதம். சூக் நகரத்தில் யாரோ சிநேகிதியோடு இருக்கிறாள் என்று கேள்வி. என் அழைப்புகளை அவள் எடுப்பதில்லை. தங்கச்சிக்கு இதை நான் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு அந்த வெறும் மண்டபத்தில் கதிரையொன்றில் இருந்து கொஞ்சம் அழுவேன். வீட்டில் அழ இடமில்லை. விடுதியில் யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

வேலை தொடங்கி ஆறாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். மூன்று மணிதான், ஆனால் யன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. தங்கச்சியோடு கதைத்து வைத்துவிட்டேன். இரண்டு யன்னல் துடைத்து முடித்து, வாளித் தண்ணீரில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அடுப்புக்கு மேலிருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது: "ஓம்... ஓம்... சரி, வைக்கிறன்."

என் வார்த்தைகள். நான் தொலைபேசியை வைக்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்கிற அதே இழுவை. குரல் என்னுடையது அல்ல. யாரையும் பார்த்துச் சொன்னதுபோலவும் இல்லை, ஒரு பண்டத்தை வாயில் போட்டு உருட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. கைபேசியைப் பார்த்தேன். திரை இருண்டு கிடந்தது. துணி கையிலிருக்க, மேலங்கியையும் எடுக்காமல் வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றேன். பஸ் வர நாற்பது நிமிடம் இருந்தது. விடுதிப் பக்கம் முதுகைக் காட்டவும் பயம், பார்த்துக்கொண்டு நிற்கவும் பயம்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். வெறும் மண்டபம், எதிரொலியாய் இருக்கும் என்றார்.

"எதிரொலி எண்டால் உடனே வரும். இது நான் ரெண்டு யன்னல் துடைச்ச பிறகு வந்தது" என்றேன்.

மகளை நினைத்து நினைத்து எனக்கு நித்திரை இல்லை, அதுதான் இப்படிக் கேட்கிறது என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை திரும்பவும் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுக்கொள்வதுண்டு. அன்றைக்குக் கட்டில்கள் வர இருந்தன என்பது ஒரு காரணம். சுவிஸ்காரியான தலைவியிடம் போய், உங்கள் விடுதியில் ஒரு பேய் தமிழ் கதைக்கிறது என்று சொல்ல முடியவில்லை என்பது மற்றது. கட்டில்களை இறக்கிவிட்டு ஆட்கள் போனதும் அடுப்படியில் நின்று கைபேசியைக் காதில் வைத்தேன். யாரையும் அழைக்கவில்லை. பலத்த குரலில், "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன்.

வெளியே பெயர்ப்பலகை காற்றில் கிரீச்சிட்டது. பிறகு மேலேயிருந்து, தங்கச்சி சொல்கிற அதே தாளத்தில் பதில் வந்தது.

"ஓம், சாப்பிட்டன்."

அண்ணாந்து பார்த்தேன். மரக்கூரையில், அடுப்புக்கு நேர் மேலே, பலகை போட்டு மூடிய ஒரு சதுரத் துவாரம் இருந்தது. அடுப்பின் சூடு மேலறைக்குப் போவதற்காக அந்தக் காலத்து வீடுகளில் அப்படி விடுவார்களாம். அந்தப் பலகை விரற்கடை அளவு விலகியிருந்தது. அதற்கு மேலே அறை எதுவும் இல்லை என்று எங்களுக்குக் காட்டிய வரைபடத்தில் இருந்தது.

தலைவியை அழைத்தேன். வேலைச் சப்பாத்தோடு வந்தார். இருவரும் மேலே போனோம். நடைவழியின் முடிவில் பெரிய அலுமாரி ஒன்று சுவரோடு நின்றது. தலைவி தோளைக் கொடுத்துத் தள்ளப் போனார். அது ஒரு கையாலேயே சத்தமில்லாமல் நகர்ந்தது. அதன் கால்களுக்கு அடியில் யாரோ கம்பளித்துண்டு ஒட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு சின்னக் கதவு.

உள்ளே ஒரு சுவிஸ் பெண் இருந்தார். அறுபது வயதுக்கு மேல். சப்பாத்து போட்டு, மேலங்கிப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டி, மடியில் பையை வைத்துக்கொண்டு மெத்தையின் ஓரத்தில் இருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல. போர்வை மடித்திருந்தது. தரை எங்கள் அறைகளைவிடச் சுத்தம்.

தலைவிக்கு அவரைத் தெரிந்திருந்தது. மலைமேல் ஒரு பண்ணைக்காரருக்கு இருபது வருடம் வீட்டு வேலை பார்த்தவர். பசு கன்று ஈனச் சிரமப்பட்ட நேரங்களில் தலைவிக்கு விளக்குப் பிடித்தவர்.

"நீங்கள் மகளிட்டைப் போயிட்டீங்கள் எண்டல்லோ சொன்னவை" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார் தலைவி.

"எனக்கு மகள் இல்லை" என்றார் அந்தப் பெண்.

பண்ணைக்காரர் இறந்ததும் உறவினர்கள் நிலத்தை விற்றார்கள். இந்தப் பெண்ணைப் பற்றி எந்தக் கடதாசியிலும் ஒரு வரி இல்லை. மகளிடம் போய்விட்டாள் என்று யாரோ ஒருவர் சொல்ல, ஊரே அதை நம்பியது. அவர் மலையிலிருந்து இறங்கி, விடுதியின் நிலவறை யன்னலால் உள்ளே வந்தார். நான்கு குளிர்காலம். கீழே எங்கள் கூட்டங்கள் நடந்தபோது துவாரத்தருகே படுத்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எந்த அறை யாருக்கு என்பதுகூட அவருக்குப் பாடம்.

"வீடில்லாத ஆக்கள் வரப்போயினம் எண்டு சொன்னீங்கள். அவை வாறதுக்கு முதல் நான் போகவேணும் எண்டு நினைச்சன்" என்றார்.

தலைவி வெளியே போய் மரப்படியில் குந்திவிட்டார். நெடுநேரம் எழும்பவில்லை.

சங்கத்தில் இரண்டு பேர் முதலில் பொலிசுக்கும் வாரிசுகளுக்கும் அறிவிப்போம் என்றார்கள். தலைவி கேட்கவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கிராம அலுவலகத்துக்குப் போய், விடுதியின் விலாசத்திலேயே குடியிருப்பவராகப் பதிந்துவிட்டு வந்தார். நான்காவது அறை அவருக்கானது. முதல் மாதம் அவர் அந்தக் கட்டிலில் படுக்கவில்லை. மேலங்கியோடு கதிரையிலேயே நித்திரை கொண்டார். பிறகு மற்ற மூவரும் வந்தார்கள். பார்க்காமலே, யார் படியேறுகிறார் என்று காலடியை வைத்து அந்தப் பெண் சொல்வார். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. போகப் போகப் பழகிக்கொண்டார்கள்.

ஒருநாள் குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது, "சரி, வைக்கிறன்" என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். தொலைபேசியை வைக்கிறேன் என்று அர்த்தம் என்றேன். அவர் முகம் சற்று வாடிவிட்டது. அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துப் படுக்கும்போது சொல்லி வந்திருக்கிறார். ஏன் எனக்குப் பதில் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். நான்கு வருடத்தில் தன்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அன்றைக்கு நீங்கள் கேட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது என்றார்.

பிறகு, என்னைப் பாராமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரெலிபோனில அந்தப் பக்கத்தில இருந்து 'பிள்ளை' எண்டு ஒரு சொல்லு வரும். அது வந்தவுடன உங்கட குரல் பொய் சொல்லத் துடங்கும். பிறகு அழுவீங்கள்."

எனக்கு அவர்மேல் இரக்கம் இருந்தது, அதே நேரம் எழும்பி ஓடவேண்டும் போலவும் இருந்தது. என் மொழியில் ஒரு சொல்லும் தெரியாமல், தலைக்கு மேலே படுத்திருந்து, என் கணவருக்கே தெரியாததை ஒருவர் அறிந்து வைத்திருக்கிறார். அந்தக் கிழமையே தங்கச்சியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு மகளின் இலக்கத்தை வாங்கித் தானே கதைத்தாள். தை மாதம் மகளிடமிருந்து ஒரு வரி வந்தது. சுகமாக இருக்கிறேன் என்று மட்டும். அது போதுமாயிருந்தது.

அன்றிலிருந்து வீட்டில்கூட என் குரல் தாழ்ந்துவிட்டது. தனியாக இருக்கும்போது கூரையைப் பார்க்கிற பழக்கம் வந்திருக்கிறது.

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். போன வருடம் சங்கத்துக்கு இன்னொரு வீடு கிடைத்தது. காட்டுக்கு அருகே, பத்து வருடமாகப் பூட்டியிருந்த பண்ணை வீடு. தலைவியும் நானும் பார்க்கப் போனோம். அன்றைக்கும் மூடுபனி. யன்னல் பலகைகள் எல்லாம் சாத்தியிருந்தன. தலைவி திறப்பை எடுத்துப் பூட்டில் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கதவில் மூன்று தரம் தட்டினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. திறப்பை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு அடி பின்னால் வந்தார்.

இருவரும் கதவைப் பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றோம்.