ஒரே பெயர், ஒரே தெரு, இரண்டு உயிர்

"படகு வரலியே தம்பி" என்ற ஒரு குரலை முன்வைத்தே ஜாவா நிரல்மொழி பயில வருவோரிடம் நான் பேசத் தொடங்குகிறேன்.

ஏரலும் காயல்பட்டினமும் வெள்ளத்தில் கிடந்த வாரம் அது. மீட்புப் படகுகளுக்கு ஆள் விவரம் அனுப்பும் பணியைத் திருநெல்வேலியில் இருந்த எங்கள் சிறு நிறுவனம் ஏற்றிருந்தது. உதவி கேட்போர் விவரம் எக்ஸ்எம்எல் என்ற வடிவில் கணினிக் கோப்பாக வரும். அதன் ஒவ்வொரு 'நபர்' பதிவும் ஜாவாவின் எந்தத் தொகுப்பில் சேர வேண்டும் என்பதை நிரலில் நாங்கள் இடும் அனொட்டேஷன் என்ற குறிப்பு சொல்லும்.

முதலில் லிஸ்ட் என்ற தொகுப்பை வைத்திருந்தோம். வந்தவை அனைத்தும் அதில் நிற்கும். ஒருவருக்காகப் பலர் அழைத்ததால், ஒரே வீட்டுக்குப் படகுகள் மீண்டும் மீண்டும் ஓடின. குழுத் தலைவர் பேச்சிமுத்து அண்ணாச்சி கடிந்தார்.

"செட்டுக்கு மாத்துங்கலே. பேரும் தெருவும் ஒண்ணா இருந்தா ஒரே ஆளுதான்."

செட் என்ற தொகுப்பு இரட்டைப் பதிவை ஏற்காது. ஏற்கவில்லை என்று பிழைச்செய்தியும் தராது. படகோட்டம் சீரானது. மறுநாள் துபாயிலிருந்து ஒரு மகனின் அந்த அழைப்பு வந்தது.

"காயல்பட்டினத்துல எங்க வாப்பா, செய்யது இபுராகீம். ஆக்சிஜன் முடியப்போவுது. படகு வரலியே தம்பி!"

திரையைப் பார்த்தேன். "ஏத்தியாச்சுன்னு இருக்கே, அண்ணே."

"யார ஏத்துனீய? உம்மா அவுக பக்கத்துலதான் உக்காந்து அழுதுகிட்டு இருக்காவ!"

மூலக் கோப்பைத் திறந்தேன். ஒரே தெருவில் இரண்டு செய்யது இபுராகீம்கள். பாட்டனார் பெயரைத் தாங்கிய அண்ணன், தம்பி இருவரின் பிள்ளைகள். முதலில் பதிவானவர் கரையேறிவிட்டார். இரண்டாமவரைச் செட் கழித்திருந்தது. உடனே படகு அனுப்பினோம். அது சேர்ந்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "எங்க தெருவுலயே மூணு சுடலைமுத்து இருக்கானுவ. எனக்குத் தோணலியேலே!" பிறகு என்னைப் பார்த்தார். "பட்டிமன்றத்துல கப்பு வாங்குனவன் நீதான். துபாய்க்காரருகிட்ட நீயே சொல்லு."

சொன்னேன். பெயர் ஒத்தது, தெரு ஒத்தது, நிரல் கழித்தது என்று வரிசையாக எடுத்துரைத்தேன். முடிவில் அவர் கேட்டார்: "தெருவுல ஒரு ஆள்ட்டயாவது கேட்டிருக்கலாமே, தம்பி?"

அழைப்பு முடிந்ததும் நிரலில் செட்டை எடுத்துவிட்டு மறுபடி லிஸ்ட்டை வைத்தேன்.

இளையோரே, இருவரை ஒருவரெனத் தீர்ப்பளிக்கும் உரிமையை ஒரு தொகுப்பிடம் ஒப்படைக்காதீர்கள். லிஸ்ட்டில் ஒரே ஆள் இருமுறை வந்தால், ஒரு படகு வெறும் வீட்டுக்குப் போகும். போகட்டும்.